ஒரே குன்றில் இரண்டு தோட்டம்

என் அறைக்கு இடப்பக்கம் ஜெலியா அக்கா. வலப்பக்கம் ஜம்பாங். நடுவில் நான். பதினேழு கதவுள்ள எங்கள் நீளவீட்டில் ஒன்பதாவது கதவு எனக்கு வாய்த்தது. போன பிறவியில் என்ன செய்தேனோ தெரியவில்லை. அறைக்கும் அறைக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். ஜெலியா இந்தப் பக்கம் ஒன்று சொன்னால் ஜம்பாங் அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்வான். பதில் என் சோற்றுத் தட்டுக்கு மேலேதான் பறந்து போகும்.

இரண்டு பேரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். அவர்கள் தாத்தா காட்டை வெட்டி எடுத்த குன்று ஒன்று லெமனாக் ஆற்றுக்கு அந்தண்டை இருக்கிறது. அப்பன்மார் இருந்தவரைக்கும் சண்டை இல்லை. ஒரு வருஷம் இவர் மலைநெல் விதைப்பார், அடுத்த முறை அவர் விதைப்பார். பெரியவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். அதே சமயம் பார்த்து விவசாய அலுவலகத்தில் ரப்பர்க் கன்று கொடுக்க ஆரம்பித்தார்கள். நெல் அறுத்தால் நிலம் திரும்பி வந்துவிடும். ரப்பர் நட்டால் முப்பது வருஷம் அங்கேயே நிற்கும். முறை வைத்துக்கொள்கிற பேச்சுக்கே இடம் இல்லை.

ஜம்பாங்குக்கு ஆற்றோரம் வேறு இரண்டு துண்டு நிலம் உண்டு. ஜெலியாவுக்கு இந்தக் குன்றை விட்டால் ஒன்றும் இல்லை. புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே மகள் ரேமி. எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து தங்குவதும் உண்டு. ஆனால் நிலம் இல்லாத அறைக்கு எவன் வருவான்? ரேமியும் வேறு அறைக்குப் போய்விட்டால் ஜெலியாவின் அடுப்பு அவளோடு அணைந்துபோகும். அதை நினைத்துத்தான் அவள் குன்றைப் பிடித்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் முந்நூறு கன்று வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றிப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தாள். வரிசைக்கு வரிசை இருபது அடி விட்டு, கயிறு கட்டி, குழி தோண்டி ஒரு வாரத்தில் நட்டு முடித்தாள். எட்டாம் நாள் ஜம்பாங் தன் முந்நூறு கன்றோடு போனான். அவளுடைய ஒவ்வொரு வரிசைக்கும் கீழே, அந்த இருபதடியின் சரிபாதியில், தன் வரிசையை நட்டுவிட்டு வந்தான்.

"என்ன தம்பி இது, என் தோட்டத்துக்குள்ள வந்து நட்டிருக்க?"

"உன் கன்றைத் தொட்டேனா அக்கா? நடுவுல இடம் சும்மாத்தானே கிடந்துச்சு."

வழக்கு நீளவீட்டுத் தலைவர் உகாட்டிடம் போனது. உகாட் யாரையும் பகைத்துக்கொள்ளாமலே நாற்பது வருஷம் தலைவராக இருந்தவர். வெற்றிலையை மென்று முடிக்கிற வரைக்கும் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஏழு வருஷம் பொறுங்க. அன்னைக்குக் குன்றுல நிக்கிற மரத்தை யாரு வளர்த்தாங்களோ, குன்று அவங்களுக்கு. அதுவரைக்கும் ஒருத்தர் மரத்தை ஒருத்தர் கொன்னா, ஒரு மரத்துக்கு ஒரு பன்றி, ஒரு பழைய ஜாடி தண்டம்."

பன்றியாவது வளர்த்துக் கொடுக்கலாம். பாட்டன் பூட்டன் வழியாக வந்த ஜாடிக்கு எங்கே போவது? ஆளுக்கு நாலைந்து ஜாடி இருந்தாலே பெரிய குடும்பம். அதனால் ஒருத்தர் கன்றை இன்னொருத்தர் மூச்சுக்காற்றுகூடப் படாமல் சுற்றிப் போனார்கள். இரண்டு பேரில் ஒருத்தர் சலித்துப்போய் விட்டுவிடுவார் என்பது உகாட்டின் கணக்கு. ஜெலியாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவள் கன்று வளர்த்த விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முதல் மூன்று மாசம் ஒவ்வொன்றுக்கும் பனையோலை வெட்டி நிழல் கட்டினாள். கரையான் வந்ததா என்று அடிமண்ணைக் கையால் கிளறிப் பார்ப்பாள். முள்ளம்பன்றி பட்டையைக் கடிக்காமல் இருக்க மூங்கிலைப் பிளந்து தண்டைச் சுற்றிக் கட்டினாள். தண்டு நேராக வளர, பத்தடி உயரம் வரைக்கும் பக்கத்தில் கிளைக்கிற ஒரு துளிரைக்கூட விடாமல் கிள்ளினாள். பெயர் வேறு வைத்திருந்தாள். "குள்ளச்சிக்கு இலை வெளுத்திருக்கு பெலாயோங், உரம் பத்தல போல" என்று என்னிடம் வந்து சொல்வாள், நான் என்னவோ வைத்தியன் மாதிரி.

ஜம்பாங் நட்டதோடு சரி. களை எடுப்பது அவன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. அவன் வரிசையில் லாலான் புல் இடுப்பளவு நின்றது. லாலானுக்கு எது யார் வரிசை என்று தெரியுமா? வேர் மண்ணுக்கடியில் ஓடி ஜெலியாவின் கன்றுக்குள் வந்தது. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவன் வரிசையையும் சேர்த்துத் தோண்ட ஆரம்பித்தாள், திட்டிக்கொண்டே. முள்ளம்பன்றி அவன் மரத்துக்கு விருந்துக்கு வந்து, மூங்கிலையும் பிய்த்துவிட்டு அவள் மரத்தில் பந்தியை முடித்தது. அதனால் அவன் மரத்துக்கும் மூங்கில் கட்டினாள். உர மூட்டையை முதுகில் சுமந்து ஏறித் தன் மரத்துக்குப் போட்டாள். மழை வந்தது. உரம் சரிவில் இறங்கி, கீழே நின்ற ஜம்பாங்கின் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டாம் வருஷம் அவன் மரம் ஒன்றில் முழங்கால் உயரத்தில் ஒரு துளிர் கிளைத்திருந்ததைப் பார்த்துவிட்டாள். கை சும்மா இருக்குமா? கிள்ளிவிட்டாள். அவ்வளவுதான், ஜம்பாங் தண்டம் கேட்டு உகாட்டிடம் போய் நின்றான்.

உகாட் கேட்டார், "மரம் செத்துப்போச்சா?"

"சாகல."

"வாடுச்சா?"

"இல்ல. முன்னைவிட நல்லா நிமிர்ந்துதான் நிக்குது."

"அப்ப இது கொல்றது இல்லடா. வளர்க்கிறது. தண்டம் கிடையாது, போ."

ஜம்பாங் முகம் தொங்கிப்போய் வந்தான். ஆனால் இரண்டு நாளில் தெளிந்துவிட்டான். தண்டம் கிடைக்காவிட்டால் என்ன, கூலியில்லாத ஆள் கிடைத்திருக்கிறாளே. அன்றிலிருந்து அவனுக்கு அது ஒரு கச்சேரி. சாயங்காலம் எல்லாரும் பொதுக்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தால், அரிசிக்கள் ஒரு கிண்ணம் உள்ளே போனதும் ஆரம்பிப்பான்.

"எனக்கென்னப்பா, ராஜா மாதிரி இருக்கேன். என் மரத்துக்குக் களை எடுக்க ஒரு அக்கா, துளிர் கிள்ள ஒரு அக்கா, உரம் சுமக்க ஒரு அக்கா. நான் குன்று ஏறி ஆறு மாசம் ஆச்சு. போனா வழி தெரியுமோ என்னமோ."

கூடம் சிரிக்கும். உகாட்கூட வாயை மூடிக்கொண்டு குலுங்குவார். நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஜெலியா தூணோரம் உட்கார்ந்து பாய் முடைந்துகொண்டிருப்பாள், தலை நிமிரமாட்டாள்.

"பதில் சொல்லேன் அக்கா" என்று ஒரு நாள் நானே கேட்டேன்.

"அவன் சொல்றது நெசந்தானே. சொல்லட்டும். சத்தமா சொல்லட்டும்" என்றாள்.

சூடு சொரணை அற்றுப்போனவள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வருஷம் பெரிய வறட்சி. ஜம்பாங் கீழாற்றில் மரம் வெட்டுகிற முகாமுக்கு வேலைக்குப் போயிருந்தான். அடுத்த முகட்டில் எவனோ வயலுக்காகக் காட்டை எரிக்க வைத்த தீ காற்றில் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. ஜெலியா, ரேமி, நான், மூன்று பேர்தான் ஓடினோம். பாராங் கத்தியால் லாலானை வெட்டி ஒரு பட்டை மண் தெரிகிற மாதிரி செய்து, பச்சைக் கிளையால் அடித்து அடித்து அணைத்தோம். ஜெலியாவின் இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. தீ ஒரு மரத்தையும் எடுக்கவில்லை, அவளுடையதையும் சரி, அவனுடையதையும் சரி.

ஜம்பாங் திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "என் மரத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" கையில் கட்டோடு எதிரில் நின்றவளை அவன் பார்க்கவில்லை. அன்று சாயங்காலக் கச்சேரியில் பாட்டு நீண்டுவிட்டது: தீ அணைக்கவும் ஒரு அக்கா. எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அவன் வாயிலேயே ஒன்று போடலாம் என்று இருந்தது.

ஏழாம் வருஷமும் வந்தது. அலுவலகத்து ஆள் நாடாவோடு வந்து, நெஞ்சு உயரத்தில் மரங்களைச் சுற்றிப் பிடித்தார். பால் வெட்டச் சுற்றளவு இருபது அங்குலம் வேண்டும். எந்த மரமும் பதிமூன்றைத் தாண்டவில்லை. எல்லாம் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு, தூண்டில் கம்பு மாதிரி உயரமாய் ஒல்லியாய் நின்றன.

"ஒருத்தர் உட்கார்ற இடத்துல ரெண்டு பேர் உட்கார்ந்தா இப்படித்தான்" என்றார். "வரிசை விட்டு வரிசை பாதியை வெட்டுங்க. இல்லேன்னா இன்னும் பத்து வருஷம் ஆனாலும் பால் கிடையாது." சொல்லிவிட்டுப் படகேறிப் போய்விட்டார். சொல்வது சுலபம்.

இரண்டு பேர் மரமும் நிற்கிறவரைக்கும் உகாட்டாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. யார் வரிசையை வெட்டுவது? அடுத்தவன் மரத்தை வெட்டினால் முந்நூறு பன்றி, முந்நூறு ஜாடி. ஆற்றோரத்து நீளவீடு அத்தனையிலும் தேடினாலும் கிடைக்காது. தன் மரத்தைத் தானே வெட்டினால் குன்று போய்விடும். ஜம்பாங் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். "எனக்கு அவசரம் இல்ல. ஆற்றோரம் நிலம் இருக்கு. பத்து வருஷம்னா பத்து வருஷம்." ஜெலியாவுக்குப் பத்து வருஷம் இல்லை. ரேமிக்கு அப்போதே பத்தொன்பது. கேட்டு வந்த ஒருவன் குன்று முடிவாகட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

இரண்டு வாரம் அவள் குன்றுக்கும் வீட்டுக்குமாய் நடந்தாள், ஒரு பிரம்புக் கயிற்றோடு. பிறகு ஒரு காலையில் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கோடரிச் சத்தம் கேட்டது. யார் மரம் விழுகிறது என்று பார்க்க ஓடினேன். அவள் தன் மரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, பைத்தியமா உனக்கு? குன்றைத் தூக்கி அவன் கையில குடுக்கிற?"

"அளந்து பார்த்துட்டேன் பெலாயோங். அவன் வரிசை ரெண்டு விரல் தடிமன் கூட. என் உரம் எல்லாம் அங்கதானே போச்சு. நிக்க வேண்டியது அதுதான்."

"நீ பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தியே."

"அதான் நானே வெட்டறேன். வேற யாரு கையும் படக்கூடாது."

ஒவ்வொரு மரத்திலும் வெந்த கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் கோடரியை ஓங்கினாள். குள்ளச்சியிடம் வந்ததும் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவளும் ரேமியும் ஐந்து நாளில் அத்தனையும் வெட்டித் தள்ளினார்கள்.

ஜம்பாங் அதற்குள் பெரிய ஜாடியில் கள் ஊறப்போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே கூட்டம் கூட்டினான். பதினேழு கதவும் வந்து உட்கார்ந்தது.

"தலைவரே, ஏழு வருஷம் ஆச்சு. குன்றுல நிக்கிறது என் மரம் மட்டும்தான். சொல்லிடுங்க" என்றான்.

உகாட் ஜெலியாவைப் பார்த்தார். அவள் பாயை ஒதுக்கி வைத்தாள். "எனக்கு ஒரு சாட்சி இருக்கு" என்றாள்.

என்னைத்தான் கூப்பிடப் போகிறாள் என்று தொண்டையைச் சரி செய்துகொண்டேன்.

"ஜம்பாங்தான் என் சாட்சி" என்றாள். "தம்பி, உன் மரத்துக்குக் களை எடுத்தது யாரு?"

ஜம்பாங் கள் ஜாடியின் மூடியைச் சரி செய்தான்.

"துளிர் கிள்ளினது யாரு? உரம் சுமந்தது யாரு? தீ அணைச்சது யாரு? தினம் சொல்லுவியே. இன்னைக்கும் சொல்லு, எல்லாரும் இருக்காங்க."

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் கூடமே சிரித்தது. ஏழு வருஷமாக அவன் பாட்டுக்குச் சிரித்த அதே கூடம்தான்.

"அது... சும்மா கேலிக்குச் சொன்னது" என்றான் ஜம்பாங்.

"கேலியா?" என்றார் உகாட். "நாங்க நெசம்னுல்ல கேட்டுட்டு இருந்தோம். சரி, பொய்யின்னே வச்சுப்போம். குன்றுக்கு எந்தப் பக்கமா ஏறணும்? சொல்லு."

அவன் ஆற்றுப் பக்கம் ஒரு தடவை, காட்டுப் பக்கம் ஒரு தடவை கை காட்டினான். நட்டது நான்தானே என்று கடைசியாக முனகினான். நட்டவன் என்று நான் சொல்லவே இல்லையே, வளர்த்தவர் என்றுதான் சொன்னேன் என்றார் உகாட். அத்தோடு முடிந்தது. ஊறிய கள்ளை வீணாக்கவில்லை, ஜெலியாவின் பேரைச் சொல்லிக் குடித்தோம். ஜம்பாங்கும் இரண்டு கிண்ணம் குடித்தான்.

இடம் கிடைத்ததும் மரங்கள் பருத்தன. மூன்று வருஷத்தில் பால் வெட்ட ஆரம்பித்தார்கள். ரேமிக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை ஜெலியாவின் அறைக்கே வந்துவிட்டான். அடுப்பு எரிகிறது. ஜம்பாங் இப்போதும் காலையில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பான், "அக்கா, என் மரம் எல்லாம் நல்லா இருக்கா?" அவளும் "உன் மரத்துக்கென்ன தம்பி, நல்லா இருக்கு" என்பாள். பதில் வழக்கம்போல என் தட்டுக்கு மேலே பறக்கும்.

போன மாசம் அவளோடு குன்றுக்குப் போனேன். பால் வெட்டி முடித்து, வாளியை இறக்கி வைத்துவிட்டு, குள்ளச்சி நின்ற இடத்தில் உட்கார்ந்தாள். அடிக்கட்டை மக்கிப்போய்க் காளான் பூத்திருந்தது.

"முந்நூறு நட்டேன் பெலாயோங்" என்றாள். "குன்று என்னோடது. இதுல நான் நட்டது ஒண்ணுகூட இல்ல."

பிறகு எழுந்து, பக்கத்தில் நின்ற ஜம்பாங்கின் மரத்தில் கிளைத்திருந்த ஒரு துளிரைக் கிள்ளிப் போட்டுவிட்டு வாளியைத் தூக்கினாள்.