சோடியமா, ஹீலியமா?

வெடிக்கும் விண்மீன்களின் நிறமாலையைப் படிப்பதில் பெங்களூரில் என் சொல்லே இறுதிச் சொல்லாக இருந்தது. புதிதாக வெடித்த ஒரு சூப்பர்நோவாவின் முதல் நிறமாலையில் தெரிந்த பள்ளத்தைச் சோடியம் என்றேன். என்னுடன் பணியாற்றிய, பெங்களூர் ஜோகுபாளையத்திலேயே பிறந்த செல்வராஜ் சிரித்தார்.

“சோடியம் இவ்ளோ அகலமாவா இருக்கும் குரு? ஹீலியம். சும்னே அடம் பிடிக்காத.”

நாளடைவில் ஹைட்ரஜன் கோடுகள் மங்கி, ஹீலியக் கோடுகளே ஓங்கின. அரிய வகைச் சூப்பர்நோவாவை முதலிலேயே இனங்கண்டார் என்று கருத்தரங்கமே அவருக்குக் கைதட்டியது. பொறாமையில் என் கைகள் மடியிலேயே கிடந்தன. அவர் மேடையிலிருந்து என்னைக் காட்டினார்.

“நம்ம குரு அங்க உக்காந்திருக்காரு. சோடியமா ஹீலியமானு அவரையே கேளுங்க.”

சென்னையிலிருந்து வந்தவர்கள் என்னை வணங்கினார்கள். அந்த வணக்கமாவது மிஞ்சட்டும் என்று பேசாதிருந்தேன்.

நானே அவருடைய ஆசிரியர் என்று இன்றும் சொல்கிறார்கள். பெங்களூரில் ‘குரு’ என்று கூப்பிடுவது நண்பனை. அவருக்கு நான் எதையும் கற்பித்ததில்லை.