கலீனாம்மாவுக்குச் சொல்ல ஒரு வாக்கியம்

அன்பரசன் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். மணலிப் பக்கத்துக் கிடங்கில் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் இறக்க வேண்டும். வேலை என்று பேர்தான். பாதி நாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்பதிலேயே போய்விடும். திருவொற்றியூரில் நின்ற வண்டி கல்மண்டபம் வருவதற்குள் ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டால், தாடி மறுபடி முளைத்தும் விடும். அந்த வரிசையில் நின்றுதான், ஐம்பத்திரண்டு வயதில், அவர் ரஷ்ய மொழி கற்றார்.

அவருக்கு ரஷ்ய மொழி மேல் ஒரு ஆசையும் கிடையாது. மகள் மதி ரஷ்யாவில் டாக்டருக்குப் படிக்கிறாள். குளிர்காலத் தொடக்கத்தில் பனி உறைந்த படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். வியாசர்பாடியில் இருந்துகொண்டு அப்பாவால் என்ன செய்ய முடியும்? அவரிடம் பாஸ்போர்ட்கூட இல்லை. ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்து சாவி எடுத்துக் கொடுக்கும் கலீனா என்ற அம்மாள்தான் மதியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் தரையில் படுத்தார். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, சூப் வைத்துக் கொடுத்து, நாற்பதாம் நாள் கைபிடித்து நடக்க வைத்தார்.

அன்பரசன் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்லது செய்தவர் வீட்டுக்கு வெற்றிலை, பாக்கு, பழத்தோடு போய் நின்று, சொந்த வாயால் சொல்லிவிட்டு வர வேண்டும். ஆள் விட்டுச் சொல்லக் கூடாது. தட்டோடு போக வழியில்லை, வாயாவது சொந்த வாயாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்.

"நானே ரஷ்யன்ல சொல்லிட்றேன் நைனா" என்றாள் மதி.

"நீ சொன்னா அது உன் நன்றிம்மா. என்னுது எங்க போவும்?"

மே மாதக் கடைசியில் கலீனா வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தங்கையின் கிராமத்துக்குப் போகப் போவதாகப் பேச்சு. அங்கே சிக்னல் அரிது. அதற்குள் சொல்லிவிட வேண்டும். நாலு மாதம் இருந்தது.

மதி முப்பது ஒலிப் பாடங்கள் அனுப்பினாள். ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் சொல்லும். ஒரு பெண் குரல் அதையே ரஷ்யனில் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். அந்த இடைவெளியில் நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். வண்டி ஓடும்போது கேட்பது, நிற்கும்போது சொல்வது என்று அன்பரசன் வைத்துக்கொண்டார். ஆங்கிலம் புரியாத இடத்தில் சொல்லிக் கொடுக்க, பின்னால் ட்ரெய்லர் ஓட்டி வரும் தண்டையார்பேட்டை நசீர் இருந்தார்.

முதல் வாரம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதில் வரிசை நகர்ந்ததே தெரியவில்லை. மூன்று வண்டிகள் நடுவில் புகுந்துவிட்டன.

"இன்னா மாமு, சாமி வந்துகினு கீதா?" என்று நசீர் கேபின் கதவைத் தட்டினார். விஷயம் தெரிந்ததும், "நீ படி. வண்டி நவுந்தா நான் ஹாரன் அட்சிக்கிறேன்" என்றார். சொன்னபடியே நாலு மாதம் அடித்தார். அந்தப் புண்ணியத்தில் பாதி அவருக்குத்தான்.

பாடங்களோ சுற்றுலா போகிறவர்களுக்கானவை. காபி வேண்டும், ரயில் எப்போது, இது உங்கள் அறை, இவள் என் மகள். அன்பரசன் சொல்ல நினைத்தது முப்பதிலும் இல்லை. ஆகவே பழைய வண்டியிலிருந்து சாமான் கழற்றுவதுபோல ஒரு பாடத்தில் ஒரு சொல், இன்னொன்றில் ஒரு சொல் என்று கழற்றி, தானே ஒரு வாக்கியம் பூட்டினார். மதியிடம் மூச்சு விடவில்லை.

மே கடைசி ஞாயிறு. காலை பத்தரைக்கு, வரிசையில் நிற்கும்போதே வீடியோ அழைப்பு வந்தது. திரையில் மதி, பக்கத்தில் பூப்போட்ட சட்டையில், நரைத்த தலையோடு கலீனா.

"ஸ்த்ராஸ்த்வுய்த்யே, அன்பரசன்!" என்றார் அவர். வணக்கம் என்று அர்த்தம்.

"ஸ்த்ராஸ்த்வுய்த்யே, அன்பரசன்!" என்றார் அன்பரசனும்.

தனக்குத் தானே வணக்கம் வைத்துக்கொண்டது அவருக்கு உறைக்கவில்லை. கலீனா சௌக்கியமா என்று கேட்டார். அதையும் அப்படியே திருப்பிச் சொன்னார். மதி குலுங்கிச் சிரித்தாள். நாலு மாதமாக ஒரு பெண் குரல் சொல்ல, அதைத் திருப்பிச் சொல்லியே பழகிய வாய் வேறென்ன செய்யும்? பூட்டி வைத்த வாக்கியம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. எடுத்துக் கொடுக்க யாருமில்லை. அவருக்கு வியர்த்தது.

"நான் சொல்லட்டா நைனா?"

"இரும்மா."

கலீனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரம் இல்லை என்பதுபோலக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். அந்தக் கைதானே மகளுக்குத் தலை துவட்டியது என்று அன்பரசன் நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் வாய் திறந்துவிட்டது.

"அனா... தோஷெ வாஷா தோச்."

இவள் உங்களுக்கும் மகள்.

மதி சிரிப்பதை விட்டாள். கலீனா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, குனிந்தபடி மெதுவாக ஏதோ சொன்னார். அதில் ஒரு சொல்கூட முப்பது பாடத்தில் வந்ததில்லை.

"இன்னா சொல்றாங்க மதி?"

மதி மூக்கை உறிஞ்சினாள். "'அது எனக்கு முன்னாடியே தெரியும். அவ அப்பா ஒத்துப்பாரான்னுதான் பயந்துகினு இருந்தேன்'னு சொல்றாங்க நைனா."

அன்பரசனுக்குத் தெரிந்த ரஷ்யன் அத்தனையும் அந்த நிமிடம் மறந்துபோனது. திரைக்கு முன்னால் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"ஒத்துக்கினேம்மா" என்றார் தமிழில். "எப்பவோ ஒத்துக்கினேன்."