டேப்பை அடித்துவிட்டு டிஸ்க் என்று எழுதியது

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், நான் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருந்தபோது, நான் பொறுப்பிலிருந்த அரசு அலுவலகப் பிரிவில் தகவல் பதிவுக்கு ஓர் ஒப்பந்த ஊழியன் இருந்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரன். கடலுக்குப் போகாமல் நாற்காலியில் அமர்ந்து சம்பாதித்த முதல் ஆள் அந்த வீட்டில் அவன்தான். ஒப்பந்தம் நீடிக்க என் கையெழுத்து வேண்டும்.

காவலர் எட்டரைக்கு அறையைத் திறப்பார். எட்டே முக்காலுக்குள் கடவுச்சொல் இட்டுக் கணினிக்குள் நுழைந்தால்தான் வருகை. விதி என்னுடையது. அவனோ தினமும் ஒன்பதைத் தாண்டித்தான் நுழைந்தான்.

"கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து குந்திகினு கீறேன் சார். இந்த லினக்ஸ் மெசினுதான் எழுந்துக்க மாட்டேங்குது."

"மெஷினுக்கு வருகைப் பதிவேடு இல்லை. உனக்கு இருக்கு."

மூன்று குறிப்பாணை கொடுத்தேன். நான்காவதற்கு முன், ஒழுங்குக்காக, ஒரு காலை அவன் பக்கத்தில் நின்று பார்த்தேன். திரையில் எழுத்துகள் ஓடி, ஓரிடத்தில் நின்றன. பிரதி எடுப்பதற்காக வெளியே செருகியிருந்த டிஸ்கை இயந்திரம் முழுதாகச் சோதித்துக்கொண்டிருந்தது; அது முடிய அரை மணி ஆனது. நேற்று கணினி ஓடும்போதே அதை முறைப்படி விடுவிக்காமல் பிடுங்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

பிடுங்கியவன் அவன்தான். பிடுங்கச் சொன்னது என் நடைமுறைக் குறிப்பு: 'மாலையில் முதலில் டிஸ்கை எடுத்துப் பீரோவில் பூட்டுக, பிறகு கணினியை நிறுத்துக.' தொண்ணூறுகளில் டேப்புக்காக எழுதியது; டேப்பைக் கணினி ஓடும்போதே எடுக்கலாம். டிஸ்க் வந்ததும் ஒரு சொல்லை அடித்து இன்னொன்றை எழுதினேன், அவ்வளவுதான். அவன் ஒரு நாளும் அதை மீறவில்லை. மீறியிருந்தால் வேலை பிழைத்திருக்கும்.

"இன்னா சார் அது, நம்பர் நம்பரா ஓடுது?"

"ஒன்றுமில்லை."

என் குறிப்பில் பிழை என்று எழுத வேண்டுமானால், அதற்கும் ஒரு படிவம் இருந்தது. நான் எடுக்கவில்லை. 'நேரம் தவறுபவர், புதுப்பிக்கத் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அவன் போன மறுநாள் இரண்டு வரிகளின் வரிசையை மாற்றினேன்: முதலில் கணினியை நிறுத்துக, பிறகு டிஸ்கை எடுக்க. புதிதாக வந்தவன் எட்டு முப்பத்து மூன்றுக்கு நுழைந்தான். பிரிவின் ஒழுங்கு மேம்பட்டதாக எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

ஓய்வுக்குப் பின் ஒரு ஞாயிறு, அணுபுரம் சந்தையில் அவன் மீன் விற்றுக்கொண்டிருந்தான்.

"சார், அந்த மெசினு இப்போ சீக்கிரம் எழுந்துக்குதா?"

"எழுந்துக்குது."

வஞ்சிரத்தை வெட்டியபடியே சிரித்தான். "அப்போ எனக்குத்தான் சார் கை ராசியில்ல."

"இருக்கலாம்" என்றேன். வால் துண்டு வேண்டாம் என்றும் சொன்னேன்.