கலவை மெஷினுக்கு மேலே ஓர் எலுமிச்சம்பழம்

நான் வேலை பார்க்கும் மசாலாத் தூள் கம்பெனி மலேசியாவில், புக்கிட் ரோத்தானில் இருக்கிறது. அங்கே நான் தர மேலாளர். தூளில் தூளைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாகச் சேருகிறவர்களிடம் இதைச் சொன்னால் தலையாட்டுவார்கள். முதலாளியும் தலையாட்டுவார். தலையாட்டுவதில் எங்கள் கம்பெனிக்கு எந்தக் குறையும் கிடையாது.

போன வருஷம் கிள்ளானில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஒருவர், மிளகாய்த் தூளில் நூல் கிடந்ததென்று படம் எடுத்து அனுப்பினார். கெட்டியான வெள்ளை நூல். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. அண்ணாந்து பார்த்தேன். தூள் கலக்கும் மெஷினின் திறந்த வாய்க்கு நேர் மேலே, கூரைக் கம்பியில், எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் நூலில் கோத்துத் தொங்கின. திருஷ்டிக்காகக் கட்டியது. வெள்ளிக்கிழமைதோறும் சூப்பர்வைசர் பழையதை அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார். மிளகாய் உள்ளே விழுந்தாலும் மிளகாய்த் தூள்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். நூலுக்கு அப்படி ஒரு சமாதானமும் எனக்குக் கிடைக்கவில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, ஒரே ஓர் அரவை மெஷினோடு தொழிலை ஆரம்பித்தவர். கெட்டவர் இல்லை.

"நூல்தானேம்மா, கண்ணாடி இல்லையே" என்றார்.

"பழத்தை எடுக்கச் சொல்லலை பாஸ். கொஞ்சம் தள்ளி, செவுத்துப் பக்கம் கட்டலாம்."

சர்ச்சுக்குப் போகிற என்னை அவர் பரிதாபமாகப் பார்த்தார். "நீ வேதக்காரப் பிள்ளைம்மா. உனக்கு இதெல்லாம் புரியாது."

அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில், "மேடத்துக்கு நம்ம சாமி பிடிக்கலையாம்லா" என்று ஒரு குரல் கேட்டது. நான் நுழைந்ததும் எல்லோரும் மீன் குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். என்னைச் சோம்பேறி என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நூலைப் பற்றிப் பேசப் போனவளை மதத்தைப் பற்றிப் பேசியவளாக ஆக்கிவிட்டார்கள்.

ஒரே ஒரு முறையாவது, நான் சொன்ன காரணத்துக்காகவே இங்கே ஏதாவது மாற வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். ஷா ஆலமில் வேறு வேலை வந்தும் போகாமல் இருந்தது அதற்காகத்தான். என் வீட்டுக்காரர் இதை வீம்பு என்பார்.

அதே மெஷினின் பெல்ட்டும் தேய்ந்து கிடந்தது. ஓடும்போது கீச்சுக் கீச்சென்று கத்தும். மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். "சத்தம் வருதுன்னா ஓடுதுன்னு அர்த்தம்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சான்றிதழைப் புதுப்பிக்க வெளியிலிருந்து ஆய்வாளர் வருகிற நாளில் மட்டும் எங்கள் கம்பெனி நான் சொன்னபடி நடக்கும். தலைக்கு வலை போட்டுக்கொள்வார்கள். கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கும். இந்தத் தடவை, அன்று ஒருநாள் மட்டும் பழத்தைக் கழட்டி வைக்கலாம் என்று முதலாளியே அனுமதி கொடுத்தார். சூப்பர்வைசர் கழட்ட மாட்டேன் என்று நழுவிவிட்டார். நானே ஏணி போட்டு ஏறிக் கழட்டினேன். கீழே நின்றவர்கள் எல்லோரும், நான் விழப்போவதைப் பார்க்க நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

ஆய்வாளர் வந்து மெஷின் பக்கத்தில் நிற்கும்போதுதான் பெல்ட் அறுந்தது. பெரிய சத்தம். ஆய்வாளர் அமைதியாக, மெஷினைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று எழுதிக்கொண்டார். மற்ற எல்லோரும் கூரைக் கம்பியைப் பார்த்தார்கள்.

அவர் போனதும் முதலாளி வந்தார். திட்டவில்லை. "கழட்டுன கையாலதான் கட்டணும்" என்றார்.

மறுநாள் மெக்கானிக் வந்து புது பெல்ட் மாட்டினார். நான் புதுப் பழத்தோடு ஏணி பக்கம் போனேன். மெஷினுக்கு மேலே கட்ட எனக்குக் கை வரவில்லை. ஏணியைச் சுவரோரம் நகர்த்தி, அங்கிருந்த ஆணியில் கட்டினேன். யாரும் தடுக்கவில்லை. கழட்டியவள் எங்கே கட்ட வேண்டும் என்பதற்கு அவர்களிடம் விதி எதுவும் இருக்கவில்லை போல. சுவிட்சைப் போட்டார்கள். மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது.

முதலாளி நெகிழ்ந்துபோனார். "இடம் மாத்துனதும் சத்தம் நின்னுடுச்சு பாரு. ராசியான கைம்மா உனக்கு."

மெக்கானிக் பழைய பெல்ட்டைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரும் தலையாட்டினார்.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைப் பழம் என் பொறுப்பு. சாப்பாட்டு அறையில் எனக்கு முதலில் இடம் விடுகிறார்கள். நூல் புகார் அதற்குப் பிறகு வரவே இல்லை. அதற்கும் என் கைராசிதான் காரணமாம். "ஞாயித்துக்கிழமை ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது இதைச் சொல்லுவியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பழத்தைச் சொல்வதா, பெல்ட்டைச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் மறுபடியும் முதலாளியின் அறைக்குப் போனேன். தூளில் இரும்புத் துணுக்கு இருந்தால் காட்டிக்கொடுக்கும் மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அதற்கு முன்பும் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்திருக்கிறேன். இந்தத் தடவை படங்கள், கணக்குகள், மற்ற கம்பெனிகளின் அனுபவம் எல்லாம் சேர்த்து ஓர் அறிக்கை தயாரித்திருந்தேன். நான் எழுதியதிலேயே நல்ல அறிக்கை அதுதான். மேசையில் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை. டீ கிளாஸை அதன் மேல் வைத்துவிட்டு என்னை ஆவலோடு பார்த்தார்.

"அதெல்லாம் கிடக்கட்டும். உன் கைக்கு என்னம்மா தோணுது?"

முதல் பக்கத்திலிருந்து விளக்க ஆரம்பித்திருக்கலாம். இதே நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ முறை அப்படி விளக்கியவள்தான். அந்தத் தூளைச் சாப்பிடப்போகிற பிள்ளைகளை நினைத்தேன்.

"வாங்கணும்னு தோணுது பாஸ்" என்றேன்.

"சரி, வாங்கிடலாம். எங்க வைக்கிறதுன்னும் நீயே சொல்லிடு."

அந்த இடத்திலேயே ஃபோனை எடுத்து ஆர்டர் கொடுக்கச் சொன்னார். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அறிக்கை கிளாஸுக்கு அடியிலேயே இருந்தது. திரும்பிப் போய் எடுக்கவில்லை.