மூடி வைத்த குழாய்

பெருநகர் என்னும் ஊரின் ஓரத்து இருளர் குடியிருப்பைச் சேர்ந்த மாசிக்குக் கல் அறுப்பதில் நல்ல பெயர். உத்திரமேரூர் சாலையில் காஜா மொய்தீன் நடத்தும் கிரானைட் பட்டறையில், சமையல் மேடைக்கான கல்லை அளவு பிசகாமல் அறுத்துக் கொடுப்பான். அறுத்த கல்லைத் துடைப்பதும் தரையைப் பெருக்குவதும் அவன் மனைவி தேவகி.

தூசி அதிகமென்று ஒரு கோடையில் காஜா மொய்தீன் மெஷினுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டார். பிளேடின் மேல் தண்ணீர் விழுந்தால் தூசி பறக்காது, சேறாக வழிந்துவிடும். மாசிக்கு அது பிடிக்கவில்லை. கல்லில் போட்ட கோடு சேற்றில் மறைந்தது. முதலாளி தலை மறைந்ததும் குழாயை மூடிவிட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வான்.

"அத்தத் தொறந்து வுடேன். கண்ணு எரியுது," என்பாள் தேவகி.

"தண்ணி வுட்டா கோடு தெரில. நீ அந்தாண்ட போய் நில்லு."

அவன் அறுப்பதை அவள்தான் துடைக்க வேண்டும். எந்தப் பக்கம் போவாள்?

சில வருஷத்தில் அவளுக்கு இருமல் வந்தது. காசநோய் என்று நினைத்துக் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டது, இனி அதை எடுக்க முடியாது என்றார்.

"தண்ணி வுட்டு அறுத்திருந்தா இது வந்திருக்காதா சார்?" என்று மாசி கேட்டான்.

"ரொம்பக் குறைஞ்சிருக்கும்பா."

திரும்பும்போது பஸ்ஸில் அவன் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். தேவகி கேட்டாள். "இன்னாத்துக்கு இப்டி குந்திக்கினு கீற?"

"நீ சொன்னியே, தொறந்து வுடுன்னு."

"கண்ணு எரியுதுன்னுதானே சொன்னேன். இப்டி ஆவும்னு எனக்கு மட்டும் தெரிமா?"

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அதன்பிறகு அவளைப் பட்டறைக்கு அவன் அனுப்பவில்லை. அவன் மட்டும் போகிறான். தண்ணீர் இல்லாமல் மெஷினைத் தொடுவதில்லை. பட்டறையில் யாரையும் தண்ணீர் தெளிக்காமல் தரையைப் பெருக்கவும் விடுவதில்லை. காஜா மொய்தீன் தூசி இழுக்கும் மெஷினும் வாங்கி வைத்துவிட்டார்.

தேவகிக்குக் கணீரென்ற குரல். முன்பு வயல் நடவுக்குப் போன நாட்களில் அவள் கூப்பிட்டால் நாலு வயல் தாண்டிக் கேட்கும். இப்போது வாசலில் நிற்பவனுக்கே கேட்பதில்லை. அதனால் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மாசி அவள் கட்டிலை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறான்.