மூங்கிலைப் பிடிக்கும் கை

வேலூர் ஆஸ்பத்திரியில் வீரபத்திரன் முஷ்டியை மடக்கி மடக்கி விரிக்கிறார். ரப்பர் குழாய் வழியாக ரத்தம் கண்ணாடிச் சீசாவுக்குள் இறங்குகிறது. "இன்னும் கொஞ்சம் எடுங்க சார். அத்தினியும் துரு" என்கிறார். கம்பவுண்டர் சிரிப்பதில்லை.

திருத்தணி மலையில், படியேற முடியாதவர்களை உட்காரவைத்து டோலி தூக்குகிறவர் அவர். மூங்கிலின் முன்முனை அவருக்கு, பின்முனை தம்பி கஜபதிக்கு. போன வருஷம் காலி டோலியையே அவரால் தூக்க முடியவில்லை. உடம்பு ஈயம்போலக் கறுத்தது, ஈரல் வீங்கியது. மதுவிலக்கு வந்த பிறகும் இவனுக்கு எங்கிருந்தோ கிடைக்கிறது என்று ஊர் பேசிற்று. குடிக்காத மனிதர். மூத்த அண்ணன் ஜம்புலிங்கமும் இதே நிறமாகித்தான் செத்தார்.

வேலூர் டாக்டர்தான் கண்டுபிடித்தார். சாப்பாட்டில் உள்ள இரும்பு வெளியேறாமல் உடம்பிலேயே சேர்கிறது; பிறவியில் வருவது; கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம். வாராவாரம் ரத்தம் எடுத்தால் இரும்பும் கூடவே போகும், புது வைத்தியம், செய்து பார்ப்போம் என்றார்.

போன ரத்தத்துக்கு ஈடாக மனைவி குப்பம்மாள் ஆட்டீரலும் முருங்கைக்கீரையும் ஆக்கிப் போட்டாள். டாக்டர் அவளை வரவழைத்தார். "இரும்பை நான் இறைக்கிறேன், நீ ஊற்றுகிறாயா?" அன்றிலிருந்து மோர்ச்சோறு. "மாமியார் ஊட்டு விருந்துலகூட மோருதாங்க" என்று பெருமையாகவே சொல்கிறார். முன்முனை மறுபடி அவர் தோளுக்கு வந்துவிட்டது.

கஜபதி மட்டும் வேலூருக்கு வர மறுத்தான். "ஆம்பள ரத்தத்த சீசால புடிச்சி குடுக்கறதா? நான் கல்லு மாதிரி கீறேன், போண்ணா."

கிருத்திகையன்று கனகம்மாசத்திரத்து ரத்தினம்மாளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி மலையில் டோலி ஆடியது. வீரபத்திரன் திரும்பிப் பார்த்தார். தம்பியின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மூங்கிலைப் பிடிக்காமல் விறைத்து நின்றன. ஜம்புலிங்கத்துக்கும் அவருக்கும் முதலில் மடங்காமல் போனவை அந்த இரண்டு விரல்கள். டோலியை இறக்கச் சொன்னார்.

"டேய் கஜா, அந்த வெரல மடக்கு."

"தேள் கொட்டிச்சி."

"எத்தினி மாசமா கொட்டிகினு கீது?"

"நான் முருகன பாக்க வந்தேனா, உங்க பஞ்சாயத்த பாக்க வந்தேனா?" என்றாள் ரத்தினம்மாள்.

"ரெண்டும் பாரும்மா." மூங்கிலை உருவி ஒரு முனையைத் தம்பியிடம் நீட்டினார். "புடி. நான் இழுக்கறேன். உட்டுட்டா நாளைக்கு வேலூரு. உடலன்னா நான் இனிமே வாயே தொறக்கல."

கஜபதி இரண்டு கையாலும் பற்றினான். வீரபத்திரன் ஒற்றைக் கையால் இழுத்தார், அதுவும் ஊசி ஏறும் கையால். மூங்கில் வழுக்கிக்கொண்டு வந்தது.

"உட்டுட்டான்! நான் சாட்சி!" ரத்தினம்மாள் படியில் நின்று கைதட்டினாள். வீரபத்திரன் மூங்கிலைத் தலைக்கு மேலே தூக்கிச் சுழற்றினார். ஏறுகிறவர்கள் எதற்கென்று தெரியாமலே 'அரோகரா' என்றார்கள்.

"சோறு பெசையவே முடியலண்ணா" என்றான் கஜபதி.

மறுநாள் காலை ரயிலில் இருவரும் வேலூர் போனார்கள். கஜபதியின் தோலுக்கடியில், இரும்பு இருந்தால் நீலமாகிற ஒரு மருந்தை ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் நீலமாயிற்று. இரும்பு இருக்கிறது, ஈரல் இன்னும் கெடவில்லை என்றார் டாக்டர். அன்றே வைத்தியத்தைத் தொடங்கினார்கள். திரும்பும்போது அரக்கோணத்தில் வண்டி மாறினார்கள். தம்பியின் மூட்டையையும் வீரபத்திரனே தூக்கிக்கொண்டார்.