பக்கத்து சீட்டுக் கணக்கு

மார்க்கெட் வாசலில் யாரோ நிறுத்திவிட்டுப் போன காரின் முன்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, டயரின் பள்ளங்களுக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார் பல்செட்காரர். இன்னொரு கையில் காய்கறிப் பை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டயரின் பக்கவாட்டில் பொடியாக அச்சடித்திருக்கும் எண்களை வாய்விட்டு வாசிக்கிறார். காருக்குச் சொந்தக்காரர் வந்து, "யாருங்க நீங்க? என்ன வேணும்?" என்று அதட்டினால் துளியும் பதற மாட்டார். "உள்பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க. ஒரு பக்கமாவே மெல்றவங்களுக்குப் பல்லு இப்படித்தான் தேயும். சக்கரத்தை நேராக்கச் சொல்லுங்க" என்பார். அதட்ட வந்த மனிதர் கலவரமாகித் தானும் குனிந்து பார்ப்பார். பல்செட்காரரின் மனைவி நாலு கடை தள்ளி நின்று, இந்த ஆளை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்பது போல வெங்காயம் பொறுக்குவார்.

பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். வீட்டின் பின்னறைதான் பட்டறை. மேசையெங்கும் பிளாஸ்டர் தூசி, ஒரு தட்டில் இளஞ்சிவப்பு மெழுகு, நடுவில் தாடையைப் போலத் திறந்து மூடும் ஒரு கருவி. அதில் பல்வரிசையைப் பொருத்தி, நடுவில் மெழுகுத் தகட்டை வைத்துக் கடிக்க விடுவார். தடம் எங்கே ஆழமாக விழுகிறதோ அங்கே பல் இடிக்கிறது, அங்கே அரத்தால் ராவ வேண்டும். வீட்டில் எந்தத் தகராறு வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "எதுக்கு வாய்ச்சண்டை? மெழுகைக் கேட்டுடுவோம்." கதவு இடுக்கில் காற்று வருகிறதா என்பதற்கும் மெழுகு, கட்டில் கால் ஆடுவதற்கும் மெழுகு.

காரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, இடுப்புயரம். ஓட்டப் பந்தயத்துக்குப் போக வேண்டியது வழிதவறித் தெருவுக்குள் வந்துவிட்டது போல ஒரு முறுக்கு. ஐம்பதைத் தாண்டிய பிறகு, இரண்டாம் கையாக வாங்கினார். மச்சினன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல ஏறுவீங்களா, இல்ல எடுத்து மாட்டிக்குவீங்களா?" என்று கேட்டான். "உக்கார்றதுதான் கஷ்டம். உக்காந்துட்டா ராஜா" என்றார் இவர். ராஜா இறங்கும்போது முழங்கால் போடும் சத்தம் எதிர்வீடு வரை கேட்கும். லீவு நாளில் பழைய டூத் பிரஷ்ஷோடு உட்கார்ந்து, சக்கரத்தின் கம்பி இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துலக்குவார்.

அந்தச் சக்கரங்கள் முந்தைய சொந்தக்காரர் ஆசைப்பட்டு மாட்டியவை. பதினேழு இஞ்ச். உலோகம்தான் பெரிசு, அதைச் சுற்றிப் பேருக்கு ஒரு பட்டை ரப்பர். ரோட்டில் தீக்குச்சி கிடந்தால்கூட முதுகெலும்புக்குச் செய்தி வந்துவிடும். பக்கத்து சீட்டில் உட்காரும் மனைவி, ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை ஏறியதிலிருந்து இறங்கும்வரை விட மாட்டார். வண்டி நேராகப் போனாலும் சரி, சிக்னலில் நின்றாலும் சரி. அந்த அம்மாள் தையல் பள்ளியில் சொல்லிக் கொடுப்பவர், தெருவுக்கே டீச்சர். "பஸ்ல போனா போய்ச் சேர்றதுக்குள்ள நாலு பொத்தான் தைச்சுடுவேன். இதுல போனா மூக்கைச் சொறியக்கூட ஒரு கை ஒழியல" என்பார். ஆனாலும் தினமும் அதில்தான் போவார்.

போன மழைக்காலத்தில் அது முடிந்தது. தண்ணீர் தேங்கிய பள்ளம் ரோட்டோடு ரோடாகத் தெரிந்தது. பல்செட்காரர் உற்சாகமாக வளைவில் திருப்பினார். டமார் என்று ஒரு சத்தம். டயர் வெடித்து, ரிம் பிளந்து, வண்டி வழுக்கிக்கொண்டே போய்ச் சாலையோரத் தடுப்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. "அப்பாடா, நல்லவேளை" என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கினார். நேரே போய்ச் சக்கரத்தைப் பார்த்தார். ரிம்மைத் தடவினார். அடப்பாவமே என்றுகூடச் சொன்னார், சக்கரத்தை. அவர் நிமிர்ந்தபோது டீச்சர் தானே கதவைத் திறந்து இறங்கி, நனைந்த நடைபாதை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"இறங்கினதும் முதல்ல எதைப் பாத்தீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

அவர் ரிம்மைத் தடவிய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இனிமே இந்த வண்டியில என் காலு படாது."

சொன்னால் சொன்னதுதான், டீச்சர் அப்படி. மறுநாளிலிருந்து தையல் பள்ளிக்குப் பஸ். பல்செட்காரர் என்ன செய்தார் தெரியுமா? டயர்க் கடையில் இரவல் வாங்கிய ஒரு ஒற்றைச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிப் போனார். பஸ் நின்றால் இவரும் நிற்பார், அது கிளம்பினால் இவரும் கிளம்புவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அழுத்திச் சபித்துக்கொண்டே முந்திப் போனார்கள். யாராவது உறவினர் வீட்டுக்குப் போவதென்றாலும் இதே ஊர்வலம்தான். டீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்குவார், இவர் காரைப் பூட்டிவிட்டு வருவார், வாசலில் இருவரும் ஜோடி சேர்ந்துகொள்வார்கள். யாராவது கேட்டால், "சும்மா, காத்தாட ஓட்டிக்கிட்டு வந்தேன்" என்பார். காலியான சீட்டில் டீச்சரின் உட்காரும் மெத்தை மட்டும் கிடக்கும். அதை அவர் எடுக்கவே இல்லை. "பாத்துப் போங்க, பாத்துப் போங்க" என்று காதருகே ஒரு குரல் இல்லாமல் ஓட்டுவது அவருக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. நிஜத்தைச் சொன்னால், பயமாக இருந்தது.

உடைந்த ரிம்முக்கு ஜோடி இப்போது வருவதில்லை, நான்கையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார் டயர்க் கடைக்காரர். வாட்டசாட்டமான மனிதர், குரல் அதைவிட.

"பதினேழே போடுங்கண்ணே. இந்தாங்க, கறுப்பு, பத்துக் கம்பி. மாட்டினா வண்டி நின்னுக்கிட்டே ஓடும்."

பல்செட்காரர் அந்தக் கறுப்புச் சக்கரத்தைப் பார்த்த பார்வையைப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். தடவினார், தட்டினார், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"ரப்பரே இல்லையேப்பா."

"ரப்பரை யாருண்ணே பாக்கறா?"

"பக்கத்துல உக்கார்றவங்க பாப்பாங்க. ரிம்மு பல்லு, ரப்பர்தான் ஈறு. ஈறே இல்லாம பல்லை மட்டும் வெச்சு என்ன பண்றது?"

பல நாள் அந்தக் கடையே கதி என்று கிடந்தார். கடைசியில் பதினாறு இஞ்சுக்கு இறங்கிவந்தார். பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பு அவருக்கு. ஆனால் ஆசை அவ்வளவு சுலபமாக விட்டுவிடுமா? அவர் எடுத்து வைத்த பதினாறு கொஞ்சம் அகலமானது, வண்டியின் உடம்பை விட்டு லேசாக வெளியே துருத்திக்கொண்டு நிற்பது. அழகே அந்தத் துருத்தலில்தான். "மேட்டுல ஏறி இறங்கும்போது மட்கார்டுல உரசுனாலும் உரசும்ணே, மாட்டிப் பாத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

"மெழுகைக் கேட்டுடுவோம்" என்றார் இவர்.

நாலு சக்கரத்துக்கும் மேலே, மட்கார்டின் உள்விளிம்பில், இளஞ்சிவப்பு மெழுகை உருண்டை உருண்டையாக ஒட்டினார். ஒரு சுற்று ஓட்டினார். ஸ்பீடு பிரேக்கரில் வேண்டுமென்றே வேகமாக ஏற்றி இறக்கினார். வந்து படுத்துப் பார்த்தால், உருண்டைகள் ஒட்டியது ஒட்டியபடி இருந்தன. வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு ஓடினார்.

டீச்சர் யாரோ ஒருவருடைய சட்டையின் தோள்பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"துளிகூடத் தடம் விழலம்மா! சக்கரம் கிடைச்சாச்சு!"

"சந்தோஷம். வண்டியில யார் யார் இருந்தீங்க?"

"நான்தான்."

"பக்கத்துல?"

"பக்கத்துல யாரு? நீதான் ஏற மாட்டேங்கறியே."

கத்தரிக்கோல் நின்றது. "ஏற மாட்டேன்னுதான் சொன்னேன். கணக்குலயே இல்லன்னு சொல்லலையே?"

பல்செட்காரர் அப்படியே நின்றார். அன்றைக்குப் பள்ளத்தருகே செய்த அதே காரியத்தை மறுபடியும் செய்திருக்கிறார் என்பது உறைத்தது. ஆளை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பார்த்திருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த வெட்கத்துக்கு நடுவிலேயே வயிற்றில் பால் வார்த்தது போலவும் இருந்தது. கணக்கில் இருப்பதாக அவளே சொல்லிவிட்டாளே!

டீச்சர் கையிலிருந்த சட்டையைத் தூக்கிக் காட்டினார். "போட்டுக்கப் போறவரை நிக்க வைக்காம அளவெடுத்திருக்காங்க. தோள்பட்டை எப்படித் தூக்குது பாருங்க. நாளைக்கு நான் வர்றேன். அளவுக்கு மட்டும்தான். ஓட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

மறுநாள் டயர்க் கடையில் நிறுத்திய காருக்குள் டீச்சர் தன் மெத்தைமேல், மடியில் தையல் பையோடு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்தார். கை தானாகப் போய்க் கைப்பிடியைப் பற்றிக்கொண்டது.

"அண்ணி, வண்டி ஓடவே இல்லையே, எதுக்குப் புடிக்கிறீங்க?" என்றார் கடைக்காரர்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க வேலையப் பாருங்க."

கடைக்காரர் அந்தப் பக்கத்து மட்கார்டின்மேல் இரண்டு கையையும் ஊன்றித் தன் மொத்த உடம்பையும் சாய்த்து அமுக்கினார். வண்டி இறங்கி எழுந்தது. பல்செட்காரர் தரையில் மல்லாந்து டார்ச் அடித்தார். மெழுகு உருண்டை நசுங்கியிருந்தது. டயரின் கோடுகள் அதில் அச்சு அசலாகப் பதிந்திருந்தன.

"லேசாத்தான் படுதுண்ணே. விளிம்பைத் தேச்சு விட்டுடலாம்" என்றார் கடைக்காரர்.

இதை மாட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல்செட்காரர் நினைத்துப் பார்த்தார். பாவம் பார்த்து ஒருநாள் டீச்சர் ஏறுவார், முதல் மேட்டிலேயே கர்ரென்று சத்தம் வரும், அதோடு ஜென்மத்துக்கும் பஸ்தான். "நல்லவேளை" என்றார். இந்தத் தடவை சக்கரத்தைத் தொடவில்லை. முழங்கால் சத்தம் போட எழுந்து நேரே ஜன்னலுக்குப் போனார்.

"உனக்கு ஒண்ணும் அதிரலையே?"

"நிக்கிற வண்டியில என்ன அதிரப் போவுது?" என்றார் டீச்சர். ஆனால் முகம் இளகிவிட்டது.

"பதினஞ்சு போடுப்பா. கம்பெனியில முதன்முதல்ல வந்த அளவு. நல்லா உயரமான ரப்பரா எடு."

கடைக்காரருக்கு மனசே இல்லை. "பள்ளிக்கூட ஷூ போட்ட மாதிரி இருக்கும்ணே, இந்த வண்டிக்கு."

"இருக்கட்டும்."

ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "தம்பி, அந்தச் சின்ன அளவுல கறுப்பு இருக்கா?"

"இருக்கண்ணி. எட்டுக் கம்பி."

"அதையே போடுங்க. அவருக்குக் கறுப்புதான் புடிக்கும்."

பல்செட்காரர் சட்டென்று குனிந்து, இல்லாத தூசியைப் பேண்ட்டிலிருந்து தட்டினார்.

சக்கரங்கள் ஏறின. புது மெழுகு ஒட்டி, கடைக்காரர் முகம் சிவக்கும்வரை அமுக்கிப் பார்த்தார். தடமே இல்லை. எவ்வளவோ நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சைப் பல்செட்காரர் விட்டார்.

"அளவு முடிஞ்சுதும்மா. வா, உன்னை பஸ் ஸ்டாப்புல விட்டுட்டு வர்றேன். நடந்துதான்."

டீச்சர் அசையவில்லை. "நிக்கிற அளவுதானே முடிஞ்சுது? சட்டையைப் போட்டு விட்டதும் கையைத் தூக்குங்க, குனியுங்கன்னு சொல்லிப் பாக்க மாட்டோமா? ஏறுங்க. மெதுவா ஓட்டணும்."

அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு முந்திப் போனார். டீச்சர் கைப்பிடியைப் பிடித்தபடி வந்தார். முதல் ஸ்பீடு பிரேக்கர் வந்தது. வண்டி ஏறியது, இறங்கியது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். கை கைப்பிடியில்தான் இருந்தது.

அந்த வளைவு வந்தது. பள்ளத்தைத் தார் ஊற்றி அரைகுறையாக மூடியிருந்தார்கள், மேடும் குழியுமாகக் கிடந்தது. அவருக்கு முதுகு வியர்த்துவிட்டது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, மூச்சு விடாமல் ஏற்றினார். ரப்பர் அந்த மேடு பள்ளத்தையெல்லாம் தானே வாங்கிக்கொண்டது. உரசல் இல்லை, குலுக்கல் இல்லை. "அப்பாடா" என்று அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார். கண்ணாடியில் பார்த்தால், டீச்சர் வழக்கமாகப் போகும் பஸ் பின்னால் வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் ஏதோ சரசரத்தது. டீச்சரின் இரண்டு கையும் மடியிலிருந்த பைக்குள் போயிருந்தன. நூற்கண்டை எடுத்து, ஒரு முழம் உருவி, நுனியை உதட்டில் ஈரப்படுத்திக்கொண்டார். ஓடுகிற வண்டியில் ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, ஒரே தடவையில் கோத்தார்.